மாரிக்கு முன் வேகக் காரை ஆயத்தம் செய்தல்: சில்லிலிருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் மழை வருடம் முழுக்கப் பரவிப் பெய்கிறதில்லை. ஐப்பசியில் வாடை திரும்பினால் மார்கழி முடியும் வரைக்கும் ஊற்றும், பிறகு மாதக்கணக்கில் ஒரு துளி இராது. அதனால் எங்கள் கார்களும் அவற்றை ஓட்டுகிற நாங்களும் காய்ந்த தாருக்கே பழகிப்போகிறோம். சோழகக் காலத்தில் 18 அங்குல ரிம்மும் அகன்ற ரயரும் பதித்த (நிலத்துக்குக் கிட்ட இறக்கிய) உயரமுமாக அழகாக ஓடிய அதே கார், கார்த்திகையில் தேங்கின தண்ணீரைக் கண்டதும் சொல்வழி கேளாது. புதிதாக ஒரு சிவிக்கோ லான்சரோ சுவிஃப்ற் ஸ்போட்டோ வாங்கி, இதுதான் முதல் மாரி என்று இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

மொன்றியலில் இருக்கிற என் மச்சான் நவம்பர் பிறந்ததும் சில்லு மாற்ற ஓடுவான். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் இல்லாமல் கார் ஓட்டக்கூடாது என்பது சட்டம். அவன் கராஜில் கோடைக்கு ஒரு செற், பனிக்கு ஒரு செற் என்று எட்டுச் சில்லு அடுக்கியிருக்கும். எங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் பருவம் மாற முன்னம் காரை மாற்றவேண்டிய தேவை எங்களுக்கும் அதே அளவு இருக்கிறது.

எப்போது தொடங்குவது? நல்லூர்த் தீர்த்தம் முடிந்த கையோடு. ஆவணி அமாவாசை கழிந்தால் முதல் பெரிய மழைக்கு ஒன்றரை மாதமாவது இருக்கும். முதல் மழை வந்த அடுத்த நாள் ரயர் கடையில் வரிசை நிற்கும், வேகக் கார்களுக்கான அளவுகள் இங்கே கையில் இராது, கொழும்பிலிருந்து எடுப்பிக்கவேண்டி வரும். அவசரத்தில் கிடைத்ததைப் பூட்டிக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

பூட்டியிருக்கிற ரயரை வாசியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் காரை நிறுத்தி, ரோச் லைற், வெண்கட்டி, ஒரு சின்ன அடிமட்டம் மூன்றையும் எடுத்துக்கொண்டு குந்துங்கள். ரயரின் பக்கத்தில் 215/45 ஆர் 17 என்பது போல ஒன்று அச்சடித்திருக்கும். 215 என்பது அகலம், மில்லிமீற்றரில். 45 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 45 பங்கு. 17 என்பது ரிம்மின் அங்குலம். பக்கத்திலேயே 91 டபிள்யூ என்று இருந்தால், 91 ஒரு ரயர் தாங்கும் பாரத்தின் குறியீடு (615 கிலோ), டபிள்யூ வேகத்தின் குறியீடு (மணிக்கு 270 கிலோமீற்றர்). எங்கள் வீதியில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை. ஆனாலும் காரோடு வந்த பாரக் குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் போகவேண்டாம்.

அடுத்து, டி, ஓ, ரி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசி நாலு இலக்கங்களில் முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். 3523 என்று இருந்தால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்த ரயர். வெளிப்பக்கத்தில் அந்த நாலு இலக்கமும் தெரியாவிட்டால் உட்பக்கத்தில் இருக்கும், காருக்குக் கீழே எட்டிப் பாருங்கள். எங்கள் வெயிலில் றப்பர் கெதியாக இறுகிவிடும். ஐந்து வருடம் கடந்த ரயரை வருடா வருடம் ஒரு தேர்ந்த கண்ணிடம் காட்டுங்கள். வெட்டு, அதாவது ரயரின் மேலுள்ள பள்ளம், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கவே கூடாது.

இந்த வாசிப்பில் யப்பானிலிருந்து வந்த கார்களுக்கு ஒரு தனி விசயம் உண்டு. அங்கே பனி கொட்டுகிற வட பகுதிகளில் ஓடிய கார்கள் சிலவேளை பனிக்கால ரயரோடேயே கப்பலேறிவிடுகின்றன. என் முதல் சிவிக் அப்படித்தான் வந்தது. வெட்டு ஆழமாக, ரயர் புதுசு போல இருந்தது, எனக்கு நல்ல சந்தோசம். அந்த வருடம் ஐப்பசியில், மருதனார்மடச் சந்தியில் தூறல் மழையில் பிறேக் பிடித்தேன். கார் நின்றது. ஆனால் நிற்கமுன்னம் பின்பக்கம் ஒரு தரம் இடமும் வலமும் ஆடியது, களியில் கால் வைத்ததுபோல. வீட்டுக்கு வந்து ரயரைக் கிட்ட இருந்து பார்த்தேன். ஒவ்வொரு றப்பர்க் கட்டியிலும் மயிரிழை போல வளைந்து வளைந்து கத்திவெட்டுகள். விரலால் அமுக்கினால் கட்டி பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்தது. நகத்தை அழுத்தினால் தடம் விழுந்தது. பக்கத்தில் ஸ்ரட்லெஸ் (ஆணி பதிக்காத பனி ரயர்) என்று எழுதியிருந்தது, வேகக் குறியீடு கியூ, அதாவது 160 கிலோமீற்றர்தான்.

ரயர் கடை அண்ணைக்கு அதைக் கழற்ற மனமில்லை.

"தம்பி, புதுசு மாதிரிக் கிடக்கு. ஏன் கழட்டிறீர்?"

"இது பனிக்குச் செய்த ரயர் அண்ணை. எங்கட சூட்டுக்கு உருகிப் போகும்."

நடப்பது இதுதான். சாதாரண ரயரின் றப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும், பிடி குறையும். அதனால் பனி நாடுகளுக்கு, குளிரிலும் இளகி இருக்கிற கலவையில் ரயர் செய்கிறார்கள். அந்தக் கத்திவெட்டுகள் பனியைக் கவ்வுவதற்கு. எங்கள் ஊரில் தை மாத விடியற்காலையில்கூடக் குளிர் 20 பாகைக்குக் கிட்டத்தான் நிற்கும். இந்தச் சூட்டில் பனி ரயர் அளவுக்கு மீறி இளகும், கட்டிகள் நெளியும், பிறேக் தூரம் நீளும், தேய்மானமும் கெதியாகும். பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் வரைந்திருந்தால் அது கடும் பனிக்குச் சோதித்துத் தேறிய ரயர். எவ்வளவு புதுசாக இருந்தாலும் கழற்றுங்கள். அப்படிக் கழற்றியதை இன்னொருவருக்கு விற்கவும் வேண்டாம்.

ஆழம் பார்த்தல், உட்பக்க ஓரத்தை மறவாமல்

புது ரயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழம். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். வெளி றப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ரயர் முடிந்தது என்று அர்த்தம். அது காய்ந்த வீதிக்கான கடைசி எல்லை. மாரிக்கு நான் வைத்திருக்கிற எல்லை 3 மில்லிமீற்றர். தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். பள்ளம் ஆழமற்றுப் போகப்போக, தண்ணீர் போக வழியின்றி ரயருக்கு அடியிலேயே நிற்கும்.

ஒவ்வொரு ரயரிலும் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்தில் அடிமட்டத்தை விட்டுப் பாருங்கள், அளவை வெண்கட்டியால் ரயரிலேயே எழுதுங்கள். பதித்த கார்களில் பெரிய ஏமாற்று நடப்பது உள் ஓரத்தில்தான். உயரத்தை இறக்கினால் சில்லின் மேல்பக்கம் உள்ளே சாயும், முன் சில்லுகளின் நேரும் மாறும். அலைன்மென்ற் (சில்லுகளை நேராக்கும் வேலை) திரும்பச் செய்யாமல் ஓடினால் உள் ஓரம் மட்டும் தேய்ந்துகொண்டே போகும், வெளியே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கோண்டாவில் பக்கம் ஒரு பொடியனின் லான்சரைப் பார்க்கப் போனேன். வெளியே 5 மில்லிமீற்றர் இருந்தது. ஸ்ரியறிங்கை முழுக்க ஒடித்துவிட்டு உள் ஓரத்தில் கையை ஓடவிட்டேன், விரலில் ஏதோ குத்தியது. றப்பர் முழுக்கத் தேய்ந்து உள்ளிருந்த கம்பி நூல் மயிர்மயிராக வெளியே வந்திருந்தது. அந்தக் காரில்தான் அவன் முதல் நாள் தாய் தகப்பனைக் கொடிகாமம் கூட்டிப் போய் வந்திருக்கிறான்.

ஆகவே முன் சில்லுக்கு ஸ்ரியறிங்கை ஒடித்துப் பாருங்கள். பின் சில்லுக்கு ஜக்கு வைத்துத் தூக்கி, சில்லைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். உள் ஓரம் தின்றிருந்தால் அலைன்மென்ற் செய்யாமல் புது ரயர் போடுவது காசைக் கரைக்கிற வேலை.

எந்த ரயரை வாங்குவது

வேகக் கார் வைத்திருக்கிறவர்கள் பலரும் அகலத்தைத்தான் கேட்கிறார்கள். காய்ந்த வீதியில் அகலம் பிடி தரும். தேங்கின தண்ணீரில் அதே அகலம் எதிரி. தோணியின் அடி அகன்றால் எப்படி மிதக்கிறதோ, அகன்ற ரயரும் அப்படித் தண்ணீருக்கு மேலே ஏறிக்கொள்ளும்.

வல்லை வெளியில் அது எனக்கு நடந்தது. இரண்டு பக்கமும் நீர், வாடைக் காற்று குறுக்கே அடிக்கிறது, முனியப்பர் கோவிலடி கடந்து நெல்லியடிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். வேகம் எழுபதுக்குக் கொஞ்சம் மேலே. வீதி தாழ்ந்து கிடந்த ஓரிடத்தில் தண்ணீர் கண்ணாடி போல நின்றது. அதற்குள் சில்லு இறங்கினதும் ஸ்ரியறிங் கையில் பாரமில்லாமல் போய்விட்டது. சில்லின் இரைச்சல் நின்றது, இஞ்சின் மட்டும் உறுமியது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம், காருக்கும் தெருவுக்கும் தொடர்பே இல்லை. எதிரே மினிபஸ் ஒன்றும் வராதபடியால் இதை எழுதுகிறேன்.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. விமானச் சில்லுகள் ஓடுபாதைத் தண்ணீரில் மிதப்பதை 1960களில் ஆராய்ந்த நாசா ஆய்வாளர்கள், மிதக்கத் தொடங்கும் வேகம் ரயரில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடிக்குறைகிறது என்று கண்டார்கள். அந்தச் சூத்திரத்தில் போட்டால் 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) காற்றுள்ள ரயர் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றரிலும், 24 பி.எஸ்.ஐ. உள்ளது ஏறத்தாழ 82 கிலோமீற்றரிலும் மிதக்கும். தேய்ந்த, அகன்ற ரயர் அதற்கும் கீழேயே மிதந்துவிடும். ஊர் மனைகளுக்கு வெளியே கார்களுக்கு எங்கள் சட்டம் விடுகிற வேகம் 70. தேய்ந்த ரயரோடு மழையில் அந்த எழுபதுகூடக் கூடுதல்தான்.

அதனால் நான் சொல்வது இது: மாரிக்கு ஒரு அளவு சின்ன ரிம், கொஞ்சம் ஒடுங்கின, உயரம் கூடின ரயர். 225/40 ஆர் 18 ஓடுகிற காருக்கு 205/55 ஆர் 16 போடலாம். சில்லின் மொத்த விட்டம் முதலாவதில் ஏறக்குறைய 637 மில்லிமீற்றர், இரண்டாவதில் 632. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைந்த வித்தியாசம், வேகமானி பெரிதாகப் பிழை காட்டாது. ஆனால் பக்கச்சுவர் 90 மில்லிமீற்றரிலிருந்து 113 ஆக உயர்கிறது. தண்ணீருக்குள் ஒளிந்திருக்கிற குழியில் விழும்போது ரிம் நெளியாமல் காப்பது அந்த 23 மில்லிமீற்றர்தான். உள்ளூர் ஒழுங்கைகளை மாரியில் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். வாங்கமுன் இரண்டு விசயத்தை உறுதி செய்யுங்கள். பெரிய பிறேக் போட்ட கார்களில் 16 அங்குல ரிம் உள்ளே இடிக்கும், ஒரு ரிம்மைக் கடன் வாங்கிப் பூட்டிச் சுற்றிப் பாருங்கள். பாரக் குறியீடு சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற தாளில் உள்ளதற்குக் குறையக்கூடாது.

இரண்டாவது செற் வாங்க வசதியில்லையா, பரவாயில்லை. உள்ள அளவிலேயே ஈரப் பிடி நல்ல ரயராகத் தேடுங்கள். ஐரோப்பாவுக்குச் செய்த ரயரின் ஒட்டுத்தாளில் மழை மேகம் போட்ட இடத்தில் ஏ முதல் ஈ வரை ஒரு எழுத்து இருக்கும், ஏ அல்லது பி நல்லது. யப்பான் ஒட்டுத்தாளில் ஈரப் பிடிக்கு ஏ முதல் டி வரை. அமெரிக்க முறையில் பக்கச்சுவரிலேயே ட்ரக்சன் என்று எழுதி ஏஏ, ஏ, பி, சி என்று தரம் போட்டிருப்பார்கள், அது நேரே ஓடும்போது ஈரத்தில் பிறேக் பிடிக்கிற தரம். அதற்குப் பக்கத்தில் ட்ரெட்வெயர் (தேய்மானத் தரம்) என்று ஓர் எண் இருக்கும். பந்தய வகை ரயர்களில் இது 200, அதற்கும் குறைவு. அவற்றின் பள்ளமும் ஆழமில்லை. நல்ல வெயில் நாளுக்கு அவை அருமையானவை, கார்த்திகைக்கு வேண்டாம்.

வெட்டின் அமைப்பில், நீளவாட்டில் மூன்று நாலு அகன்ற பள்ளம் நேரே ஓடுகிறதா என்று பாருங்கள். அம்புக்குறி போட்ட ரயர் என்றால் அந்தத் திசையில் உருளும்படிதான் பூட்டவேண்டும். மாறிப் பூட்டினால் தண்ணீரை வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கும். அவுட்சைட் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே. கடையில் பூட்டி முடிந்ததும் காரைச் சுற்றி ஒருதரம் நடந்து நாலையும் பாருங்கள். இதைப் பிழையாகப் பூட்டி அனுப்பிய கடையும் இருக்கிறது, அதைப் பாராமல் வாங்கி வந்தவன் நானும்தான்.

இரண்டு புது ரயர்தான் வாங்க ஏலும் என்றால் அவற்றைப் பின்னுக்குப் போடுங்கள், முன் சில்லு இழுக்கிற கார் ஆனாலும். பலருக்கு இது தலைகீழாகப் படும். முன் சில்லு வழுக்கினால் கார் நேரே போகும், காலை எடுத்தால் பிடி திரும்பும். பின் சில்லு வழுக்கினால் கார் சுழலும், புதுச் சாரதியால் அதைப் பிடிக்கவே முடியாது.

காற்று

கதவுத் தூணில் உள்ள அளவுதான் அளவு. விடியற்காலையில், கார் ஓடமுன், சில்லு குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காற்று அடிக்கிற கடைகளில் கேளாமலே 40 ஏற்றி விடுவார்கள், அல்லது கண்மட்டத்தில் விட்டுவிடுவார்கள். ஒரு அளவுமானி வாங்கி டாஷ்போட்டுக்குள் வையுங்கள், மாரி முடியும் வரை இரண்டு கிழமைக்கு ஒருதரம். பிடி கூடட்டும் என்று மழைக்குக் காற்றைக் குறைக்கிற பழக்கம் ஒன்று பொடியளிடம் இருக்கிறது. அது மணலில் செய்யிற வேலை. மணற்காட்டு மணலில் புதைந்தால் குறையுங்கள், தார் வீதியில் வேண்டாம். மேலே சொன்ன கணக்கை ஒருதரம் திரும்பப் பாருங்கள்.

உயரமும் மூச்சுக் குழாயும்

வேகக் காருக்கு மாரியில் வருகிற பெரிய செலவு ரயரால் வருவதில்லை. இஞ்சின் தண்ணீர் குடிப்பதால் வருகிறது.

கம்பனி காருக்கும் நிலத்துக்கும் விடுகிற இடைவெளியே பல கார்களில் 13 முதல் 15 சென்ரிமீற்றர். அதை இறக்கி 10 ஆக்கினால், முழங்காலுக்குப் பாதித் தண்ணீர்கூட பம்பரைத் தள்ளிக்கொண்டு வரும். ஸ்பிரிங் மாற்றியிருந்தால் கழற்றின பழைய ஸ்பிரிங்கை மாரிக்குத் திரும்பப் போடுங்கள். திருகி உயர்த்துகிற வகை என்றால் ஒரு மணித்தியாலத்து வேலை. உயர்த்திய பிறகு மறுபடி அலைன்மென்ற்.

அதைவிட முக்கியம் காற்றிழுக்கிற குழாய். கம்பனி பூட்டித் தந்த பில்ரர் பெட்டி காற்றை மேலே, லைற்றுக்குப் பின்னாலிருந்து எடுக்கும். குளிர்காற்று வேண்டும் என்று அதைக் கழற்றி, நீளக் குழாய் போட்டு, பில்ரரை முன் பம்பருக்குள், மட்காட்டுக்குக் கீழே வைக்கிறார்கள். அந்த இடம் தண்ணீருக்கு வாய்க்கு நேரே. பில்ரர் நனைந்து முங்கினால் இஞ்சின் தண்ணீரை உறிஞ்சும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க ஏலாது. மேலே வருகிற பிஸ்ரன் சுவரில் மோதின மாதிரி நிற்கும், பிஸ்ரனைத் தாங்குகிற கொனரொட் வளையும். ஒரு நொடிக்குள் இஞ்சின் போய்விடும். மாரி தொடங்க முன் கம்பனிப் பெட்டியைத் திரும்பப் பூட்டுங்கள். நாலு குதிரைவலு குறைந்தால் குறையட்டும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் பின் ஆசனத்துக்குப் பக்கத்திலுள்ள பற்றறி விசிறித் துவாரம் எங்கே என்று இன்றே பார்த்து வையுங்கள். தண்ணீர் உள்ளே வந்தால் அந்த மட்டத்துக்கு ஏறக்கூடாது. செம்மஞ்சள் வயரில் கை வைக்கவே வேண்டாம்.

சின்ன வேலைகள், ஒரு பின்னேரத்தில் முடியும்

வைப்பர் றப்பர் எட்டு மாத வெயிலில் வெந்து போயிருக்கும். நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் வருடத்துக்கு ஒருதரம் மாற்றிவிடுங்கள். முன் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து எண்ணெய்ப் படலத்தை எடுங்கள், இரவில் எதிர் லைற் சிதறுவது அதனால்தான். உட்பக்கம் புகார் போல ஈரம் படிந்தால் ஏ.சி.யைப் போட்டு வெளிக்காற்றைத் திறவுங்கள். காற்றை உள்ளேயே சுழலவிட்டால் இன்னும் கூடும்.

வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்ரிக் தட்டைத் தூக்கிப் பாருங்கள். வேப்ப மரத்துக்குக் கீழே கார் விடுகிற வீடென்றால் உள்ளே ஒரு கடகம் சருகு இருக்கும். நான் போன வருடம் கையை விட்டபோது சருகு மக்கி எருவாகி, அதில் ஒரு வேப்பங்கன்று இரண்டு இலை விட்டிருந்தது. அங்கே வடிகால் அடைத்தால் தண்ணீர் நேரே கால்மிதிக்குள் இறங்கும். கதவுகளின் அடியிலும் வடிகால் ஓட்டைகள் உண்டு, ஒரு ஈர்க்கால் குத்தித் திறந்து விடுங்கள்.

பிறேக் ஓயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாற்றவேண்டும். பந்தய வகை பிறேக் பாட் சூடேறினால்தான் பிடிக்கும், மழையில் முதல் மிதிக்குப் பிடிக்காது, ஆகவே சாதாரண பாட் போடுங்கள். பற்றறி முனையில் வெள்ளைப் பூச்சு இருந்தால் அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் கிறீஸ் பூசுங்கள். லைற் எல்லாம் எரிகிறதா என்று வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். பதிந்த கார் மழையில் பஸ்காரன் கண்ணில் படாது.

முதல் மழையும் அதற்குப் பிறகும்

வழுக்கல் கூடினது பெருமழையில் இல்லை, முதல் மழையின் முதல் அரை மணித்தியாலத்தில். மாதக்கணக்கில் தாரில் ஊறின ஓயிலும் புழுதியும் றப்பர்த் தூளும் தண்ணீரோடு குழைந்து சவர்க்காரமாகும். ஏலுமானால் அந்த அரை மணித்தியாலம் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருங்கள்.

அடுத்தது செம்மண். உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கம் தோட்டத்திலிருந்து ஏறுகிற ரக்ரர் சில்லில் ஒட்டின சேற்றை வீதியில் போட்டுக்கொண்டே போகும். தார் சிவந்து தெரிகிற இடத்தில் பிறேக்கைத் தொடாமல், முன்னமே வேகத்தைக் குறைத்து நேரே கடவுங்கள். கோண்டாவில், இணுவில், சுன்னாகத்து ரயில் கடவைகளிலும் அப்படித்தான். நனைந்த தண்டவாளத்தில் சில்லு சுழலும், ரேர்போ கார் என்றால் இன்னும் மோசம். வழுக்கும் கார் படம் போட்ட பொத்தானை மாரி முடியும் வரைக்கும் தொடாதீர்கள். அது கம்பியூட்டர் காவல், அணைத்தால் கார் சுழலும்போது பிடிக்க யாருமில்லை.

வெளிகளில், அதாவது வல்லை, செம்மணி, கோப்பாய் கைதடி வெளி, பண்ணைத் தாம்போதி இவற்றில், குறுக்குக் காற்றுக்கு இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடியுங்கள். முன்னால் போகிற வாகனம் ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்குங்கள், நீங்கள் அதே கம்பத்துக்கு வர நாலு விநாடியாவது ஆகவேண்டும். மிதப்பு வந்தால் பிறேக்கை மிதியாமல், ஸ்ரியறிங்கை ஒடியாமல், அக்சிலேற்றரில் இருந்து காலை மெதுவாக எடுத்து நேரே பிடித்திருங்கள். சில்லின் இரைச்சல் திரும்பக் கேட்டால் பிடி வந்துவிட்டது. இரவில் கண்டி வீதியில் பரந்தன், ஆனையிறவுப் பக்கம் போகிறவர்கள் மாடுகளை எதிர்பாருங்கள். வயல் ஈரமானால் அவை சூடான தாரில்தான் படுக்கும்.

தேங்கின தண்ணீர் என்றால் ஒரு வழிதான்: இறங்கிப் பார்ப்பது, அல்லது மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் கடப்பதைப் பார்ப்பது. சில்லின் நடுக் குமிழுக்கு மேலே தண்ணீர் என்றால் திரும்புங்கள். 30 சென்ரிமீற்றர் ஓடுகிற தண்ணீரே சின்னக் காரைத் தூக்கிவிடும். கடக்கலாம் என்று தெரிந்தால் முதலாம் கியரில், மெதுவாக, நிற்காமல் போங்கள். வேகமாகப் போய் அலை எழுப்பினால் அந்த அலை பம்பரில் மோதித் திரும்பி பில்ரருக்குள் போகும், தெருவோரத்து வீட்டு முற்றத்துக்குள்ளும் போகும். கடந்ததும் இடது காலால் பிறேக்கை மெல்லத் தடவிக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓட்டி டிஸ்க்கைக் காய வையுங்கள்.

நடுத் தண்ணீரில் கார் நின்றுவிட்டால் திறப்பைத் திருகவே வேண்டாம். இது மிக முக்கியம். நின்றபோது தப்பின இஞ்சின், திரும்ப ஸ்ராட் பண்ணும்போதுதான் சாகிறது. தள்ளிக் கரையேற்றி, பில்ரர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பிளக்குகளைக் கழற்றி, இஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியே எடுக்கவேண்டும். அதை மெக்கானிக் செய்யட்டும், நீங்கள் கட்டியிழுக்கிற வாகனத்துக்குச் சொல்லுங்கள்.

2008 நிஷா, 2020 புரெவி, 2024 ஃபெங்கல் என்று புயலோடு வந்த மழைகளில் ஒழுங்கைகளே குளமானதை நாங்கள் கண்டிருக்கிறோம். வானிலை அறிவிப்பு வந்ததுமே மேடான இடத்தில், உறவினர் வீட்டிலோ கோவில் வீதியிலோ காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வீடு வாருங்கள்.

தீவுப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. பண்ணையிலும் புங்குடுதீவுத் தாம்போதியிலும் காற்று அடித்துக் கொட்டுவது உப்புத் தண்ணீர். பனி உருக வீதியில் உப்புத் தூவுகிற கனடாவில் காரின் அடித்தகடு எப்படித் துருப்பிடிக்கிறதோ, இங்கேயும் அப்படியே பிடிக்கும். அன்றிரவே நல்ல தண்ணீரால் சில்லுக்குள்ளும் அடியிலும் அடித்துக் கழுவுங்கள். எங்கள் பக்கம் சில கிணறு உவர், அந்தத் தண்ணீர் கூடாது. தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர் இதற்கு நல்லது.

தைப்பொங்கல் கழிந்து வானம் வெளித்ததும் பெரிய சில்லுகளைத் திரும்பப் பூட்டலாம். கழற்றின 16 அங்குலச் சில்லுகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெட்டுக்குள் இருக்கிற கற்களை ஊசியால் கிளப்பி, நிழலில் உலர்த்துங்கள். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் வெண்கட்டியால் எழுதி, மீதி ஆழத்தையும் பக்கத்தில் குறித்து, வெயில் படாத அறையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, பழைய சாக்கால் மூடிவிடுங்கள். அடுத்த நல்லூர்த் தீர்த்தத்துக்குப் பிறகு அதைத் திறந்தால் போதும்.